தத்துப் போகாத நாய்க்குப் பெயர் சொல்லிக் கொடுப்பதா, பொதுவில் போடுவதா?

பூச்சி என்று அவனுக்குப் பெயர் வைத்தவர் நல்ல குறும்புக்காரராக இருக்க வேண்டும். எடை 28 கிலோ, தலை மட்டும் பூசணிக்காய் அளவு. பராமரிக்கிற இரண்டு பேரைத் தவிர யார் கை நீட்டினாலும் கடிப்பான். மூன்று முறை தத்துப் போய் மூன்று முறையும் திரும்பி வந்தவன். இனி இவனை யாருக்கும் கொடுப்பதில்லை என்று காப்பகம் முடிவெடுத்த மாதம் நான் அவனுக்கு ஸ்பான்சர் ஆனேன், அதாவது அவன் செலவுக்கென்று பெயர் சொல்லி மாதாமாதம் காசு கொடுக்க ஆரம்பித்தேன். ஐந்து வருடம் ஓடியது.

அதற்கு முன்னால் வேறொரு காப்பகத்தின் பொது நிதிக்கு மூன்று வருடம் மாதாமாதம் கொடுத்திருக்கிறேன். நடுவில் ஆறு வாரம் ஒரு கிழட்டு நாயை வீட்டில் வைத்துப் பார்த்ததும் உண்டு. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் அடிபட்டுச் சொல்கிறேன்: என் ஓட்டு பெயர் சொல்லி ஒரு நாய்க்குக் கொடுப்பதற்கு. ஆனால் சில கேள்விகளைக் கேட்ட பிறகு.

தத்துப் போகாத நாய் என்றதும் பலருக்கு மூன்று கால் நாயும் ஒற்றைக்கண் நாயும்தான் நினைவுக்கு வரும். அவை பெரும்பாலும் போய்விடும்; பார்த்ததும் மனசு இளகுகிற ஆட்கள் நிறைய. தங்கிப்போவது வேறு கூட்டம். நாய்க்குட்டி 3 வாரத்திலிருந்து 14 வாரத்துக்குள் மனிதர்களோடு பழகியிருக்க வேண்டும். அந்தக் காலம் கைவிட்டுப் போனால், பிறகு எத்தனை அன்பு காட்டினாலும் பல நாய்களுக்கு ஆளைக் கண்டாலே உள்ளே ஓர் உதறல் இருந்துகொண்டே இருக்கும். வலிப்பு உள்ள நாய்க்கு 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை பீனோபார்பிட்டால் மாத்திரை, இடையிடையே ஈரல் பரிசோதனை. முதுகுத்தண்டில் அடிபட்ட நாய்க்குத் தினம் மூன்று நான்கு முறை மூத்திரப்பையைக் கையால் அமுக்கி வெளியேற்ற வேண்டும். எல்லோரும் வேலைக்குப் போகிற வீட்டில் இது நடக்காது.

நீதிமன்றமே பூட்டுப் போட்ட கதையும் உண்டு. 2007இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக் சிக்கிய நாய்ச்சண்டை வழக்கில் மீட்ட நாய்களில் 22, யூட்டா மாநிலத்தில் உள்ள பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் சரணாலயத்துக்குப் போயின. அதில் லூக்கஸ் என்ற நாய் மனிதர்களிடம் குழைகிற ரகம். இருந்தாலும் சண்டையில் பேர்போன நாய் என்பதால் அவன் ஆயுள் முழுக்கச் சரணாலயத்திலேயே இருக்க வேண்டும் என்பது உத்தரவு. அப்படியே இருந்து முடிந்தான்.

இனி பொது நிதி. அதன் பக்கத்து நியாயம் பலமானது, மறைக்க ஒன்றுமில்லை. ஒரு கூண்டில் பூச்சி எட்டு வருடம் இருந்தால், அந்தக் கூண்டு எட்டு வருடம் அடைபட்டுக் கிடக்கிறது. அதே இடத்தில் வந்து போகிற நாய்கள் என்றால் எத்தனை உயிருக்கு வழி பிறந்திருக்கும்! பணத்துக்கும் அதே கணக்குதான். எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று கொடுத்த காசுதான் கூரை ஒழுகும்போதும் ஆட்களுக்குச் சம்பளம் போடும்போதும் கைகொடுக்கும். தலைக்கணக்குப் பார்க்கிறவர் பொது நிதிக்குத்தான் கொடுப்பார், அவரோடு நான் மல்லுக்கு நிற்க மாட்டேன். என்னை அங்கிருந்து நகர்த்தியது வேறொன்று. மூன்றாம் வருடம் வங்கி அட்டை காலாவதியாகி என் மாதத் தொகை நின்றுபோனது. நின்றது எனக்கே ஏழு மாதம் தெரியாது. அவர்களும் கேட்கவில்லை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

கடைசிவரை வீட்டில் வைத்துப் பார்ப்பது, அதாவது மருத்துவச் செலவைக் காப்பகம் ஏற்க நாம் இடமும் நேரமும் கொடுப்பது, நாய்க்கு எல்லாவற்றையும்விட நல்லதாகத்தான் இருக்கும். ஆனால் என் அனுபவம் வெறும் ஆறு வாரம். அந்த நாய் வயதின் மறதியில் ராத்திரி முழுக்கச் சுவர் ஓரமாக நடக்கும், மூலையில் போய் முட்டிக்கொண்டு திரும்பத் தெரியாமல் நிற்கும். ஏழாம் வாரம் என்னால் முடியவில்லை என்று திருப்பிக் கொடுத்தேன். வருடக்கணக்காகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், இந்த விஷயத்தில் என்னை நம்ப வேண்டாம்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: கடைசி இரண்டு வருடம்.

ஸ்பான்சர் ஆகும்போது நாம் மனசில் வைத்திருப்பது தீனிச் செலவு. நடுவயதில் நாயின் செலவும் ஏறக்குறைய அவ்வளவுதான்: தீனி, தடுப்பூசி, குடற்புழு மருந்து. பட்டியலே முதுமையில்தான் ஆரம்பிக்கிறது. பூச்சிக்கு நான்காம் வருடக் கடைசியில் சிறுநீரகம் தளர ஆரம்பித்தது. நான்கு நிலைகளில் இரண்டாவது என்றார்கள். பாஸ்பரஸ் குறைத்த தனித் தீனி, சில மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம், மூத்திரம், ரத்த அழுத்தம். பிற்பாடு தோலுக்கடியில் திரவம் ஏற்றுவது. சாதாரண நாய்க்கே இது நீளம். கடிக்கிற நாய்க்கு ரத்தம் எடுக்க மருத்துவரிடம் கிளம்புமுன் கபாபென்டின் கொடுத்துச் சாந்தப்படுத்த வேண்டும். அந்த மருந்தோ சிறுநீரகம் வழியாக வெளியேறுவது, ஆகவே அளவைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். குறைத்துக் கொடுத்தால் இவன் சாந்தமாக மாட்டான். இந்தச் சிக்கலை அவிழ்த்தது மருந்தில்லை, பராமரிப்பாளரின் பொறுமை. கடிக்காதபடி முகத்தில் மாட்டுகிற வாய்க்கூட்டின் உள்பக்கம் அவனுக்குப் பிடித்ததைத் தடவி வைத்து, அவனே மூக்கை நுழைக்கும்வரை தினமும் காத்திருந்தார். நான்கு மாதம் பிடித்தது. அந்த நான்கு மாதத்துக்கும் அவருக்குச் சம்பளம் உண்டு அல்லவா, அதுவும் பூச்சியின் செலவுதான். எந்த ரசீதிலும் வராது.

செலவு ஏறுகிற இதே நேரத்தில் புதிதாகக் கொடுப்பவர் குறைகிறார்கள். நரைத்த மூக்கோடு ஒரு மூலையில் படுத்துக் கிடக்கிற நாயின் படத்தைப் பார்த்து யார் புதிதாகச் சேர்வார்கள்? ஏற்கெனவே சேர்ந்தவர்கள் நிலைத்தால்தான் உண்டு. நிலைக்க வைப்பது பெயர். பொது நிதியில் தொகை நின்றதை ஏழு மாதம் கவனிக்காத அதே நான், பூச்சியின் மூன்றுமாதக் கடிதம் பத்து நாள் தாமதமானதும் போன் போட்டுக் கேட்டேன். நான் திருந்திவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பெயர் தெரிந்த ஒருவனை மறப்பது கஷ்டம், அவ்வளவுதான். அடுத்த வருடம் இந்த நாய்க்கு இத்தனை பேர் கொடுப்பார்கள் என்று ஓரளவுக்குத் தெரிந்தால்தான் காப்பகமும் அந்த ரத்தப் பரிசோதனைக்கு நாள் குறிக்க முடியும். அவசரம் வந்த பிறகு படம் போட்டுத் திரட்டுகிற காசு அறுவைச் சிகிச்சைக்கு உதவும். இரண்டு வருடம் இழுக்கிற நோய்க்கு உதவாது.

கேட்க வேண்டிய கேள்விகளுக்கு வருகிறேன். ஸ்பான்சர் திட்டங்களில் மோசமான ஓட்டைகள் உண்டு. ஒருமுறை வேறோர் இடத்தில் நான் தேர்ந்தெடுத்த நாய் செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பழைய படங்களைத் தேதி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். படத்தில் தெரிந்த மரம் வருடம் முழுக்க ஒரே இலையோடு நின்றதுதான் என் சந்தேகத்துக்குக் காரணம். ஆகவே நாய் இறந்தால் எத்தனை நாளில் சொல்வீர்கள், அதற்குப் பிறகு என் தொகை என்னாகும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, மிச்சக் காசு. நீலக்கண் நாய்க்கு நாற்பது பேர் கொடுப்பார்கள், பூச்சிக்கு இரண்டு பேர். நீலக்கண்ணுக்கு மேல் மிஞ்சுவது மற்ற நாய்களுக்குப் போகிறதா? போக வேண்டும். போவதில்லை, ஒரு நாய்க்கு வந்ததை அதற்கே வைப்போம் என்று பெருமையாகச் சொல்கிற இடத்தில் நான் கொடுக்க மாட்டேன். படத்தில் அழகாக விழுந்த நாய் ஊரையே போஷிக்கட்டுமே! இதைச் சொல்லும்போது பெயர் சொல்லிக் கொடுப்பதும் பாதி பொது நிதியாகி விடுகிறது, தெரியும். எனக்கு அதில் வருத்தம் இல்லை. பெயர் என்னைக் கட்டிப்போட, காசு போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும்.

நேரில் பார்க்க விடுவார்களா என்பதைப் பெரிய அளவுகோலாகப் பலர் வைக்கிறார்கள். பயந்த நாய்க்குப் புதிய ஆள் வருவதே தண்டனை. ஐந்து வருடத்தில் நான் பூச்சியை இரண்டு தடவைதான் பார்த்தேன், இரண்டும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று. இரண்டாம் தடவை குரைத்து ஓய்ந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அது நல்ல அறிகுறி என்றார் பராமரிப்பாளர். என் மனசு நோகாமல் இருக்கச் சொன்னாரோ என்னவோ.

போன வருடம் அவன் போனான். மறுநாளே போன் வந்தது. தொகையை நிறுத்தவா, வேறு நாய்க்கு மாற்றவா என்று ஒரு வாரம் கழித்துக் கேட்டார்கள். யாரும் எடுக்காத நாய் எது என்று கேட்டேன். படம் அனுப்பினார்கள்: கூண்டின் கடைசி மூலையில் ஒரு பழுப்பு வாலும் பின்னங்கால் ஒன்றும். முகம் தெரிகிற படம் இதுவரை யாராலும் எடுக்க முடியவில்லையாம்.