மோட்டாரில் பிழை இல்லை, அந்தக் காந்தத் தட்டில்தான்

என் பழைய சைக்கிளில் பூட்டிய மின்மோட்டார் செற்றின் பெடல் சென்சரைச் சென்ற கிழமை மறுபடியும் மாற்ற வேண்டி வந்தது. அதே கிழமையில்தான், எங்கள் பாடசாலைக்கு இடமாற்றம் பெற்று வந்திருக்கும் ரீச்சர் ஒருவர், "அக்கா, இந்த மோட்டார் செற் இப்போது விலை இறங்கியிருக்கிறதாமே, நானும் பூட்டட்டுமா?" என்று கேட்டார். சைக்கிள் கடை வாசலில் வெயிலில் நின்றபோது கேட்டிருந்தால் ஒரே சொல்லில் பதில் சொல்லியிருப்பேன். இப்போது கோபம் பாதி ஆறியிருக்கிறது. அதனால் கொஞ்சம் நியாயமாக எழுதப் பார்க்கிறேன்.

செற் வழமையானதுதான். 36 வோல்ற், 250 வோற், முன்சில்லில் மோட்டார், 10 அம்பியர் மணி லிதியம் பற்றரி. சைக்கிள், கம்பி பிரேக் போட்ட பழைய லேடீஸ் சைக்கிள். 2022 இல் பெற்றோல் வரிசைகள் தெருவை அடைத்துக் கிடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த ஆனிக் கடைசியில் 92 ஒக்ரேன் லீற்றர் 470 ரூபாய் ஆனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. ஸ்கூட்டரை மூடிவைத்துவிட்டு, திருகோணமலை உவர்மலையிலிருந்து நிலாவெளிப் பக்கம் ஏறத்தாழ பதினைந்து கிலோமீற்றர் மிதித்துப் போய்வந்தேன். போவது பிரச்சினையில்லை. ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டு, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு திரும்புவதுதான் வதை. பெற்றோல் ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அந்தச் சைக்கிளை விட மனம் வரவில்லை. அதனால் மோட்டார் பூட்டினேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் அடிக்கும் காலத்தில் நிலாவெளி வீதியில் தெற்கு நோக்கிச் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு மட்டும்தான் இதன் அருமை புரியும். சாதாரண உடம்புள்ள ஒருவர் தொடர்ந்து மிதித்துக் கொடுக்கக்கூடியது 100 வோற் அளவுதான், பலருக்கு அதுவும் இல்லை. அதன் மேல் 250 சேர்ந்தால் காற்று இருந்த இடம் தெரியாது. சாம்பல்தீவுப் பாலத்தில் காற்று பக்கவாட்டில் தள்ளும். அங்கேகூட வேகம் குறையாமல் போகலாம். சேலை நனைந்து முதுகோடு ஒட்டாமல் வீட்டுக்கு வந்து சேர்வது எத்தனை பெரிய விடயம் என்று மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு விளங்கப்படுத்த முடியாது.

மோட்டாருக்குள் பல்சக்கரங்களும் ஒருவழிக் கிளச்சும் இருப்பதால், மின்சாரத்தை நிறுத்தினாலும் சில்லு இழுபடாது; பழைய சைக்கிளைப் போலவே உருளும். ஓடும்போது மெல்லிய ரீங்காரம், அவ்வளவுதான். செலவைக் கேட்டால் சிரிப்பு வரும். வெறுமையான பற்றரியை முழுதாக நிரப்ப, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, அரை அலகு மின்சாரம் போதும். ஆசிரியர் அறையில் சார்ஜ் போடுவதில்லை. அரை அலகுக்கு அரை வருடம் கதை கேட்க வேண்டிவரும். வீட்டிலும் வெயிலில் ஓடிவந்த சூட்டோடு சொருகாமல், மாலை ஆறிய பிறகுதான் சொருகுவேன்.

பூட்டிய கதை நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். பெட்டியில் 26 அங்குலம் என்று எழுதியிருந்தது. என் சைக்கிளும் 26 அங்குலம். ஆனால் பெட்டியில் வந்த றிம் மவுண்டன் சைக்கிளுக்கான 559 மில்லிமீற்றர். என்னுடைய 26 × 1 3/8 ரயர் உட்காருவது 590 மில்லிமீற்றர் றிம்மில். இரண்டையும் 26 என்று அழைப்பவர்களை என்ன செய்வது? சில்லு சிறுத்ததால் பிரேக் கட்டை இருக்க வேண்டிய இடம் பதினைந்து மில்லிமீற்றர் கீழே போய்விட்டது. அந்த றிம்மில் கம்பி பிரேக் எப்படியும் பிடிக்காது. முன்பக்கம் அதைக் கழற்றி, நீளக் கை உள்ள கேபிள் பிரேக் போட்டார்கள். முன்சில்லைத் தாங்கும் முள்ளுக்காலில் அச்சு உட்காரும் வெட்டுவாயையும் மோட்டார் அச்சுக்கு அராவி அகட்ட வேண்டியிருந்தது. இரும்பு முள்ளுக்கால் என்பதால் துணிந்தார்கள். அலுமினியம் என்றால் தொடவே கூடாது. மோட்டார் சில்லை முன்னுக்குச் சுழற்றும்போது அச்சு பின்னுக்குத் திரும்பப் பார்க்கும். அதைத் தாங்கப் பல் வைத்த வாசரும் இழுபிடிக் கட்டையும் கட்டாயம் வேண்டும். இதை அவசரமாகப் பூட்டித் தரும் கடையை நம்ப வேண்டாம்.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

பெடலைத் தாங்கும் கையான கிராங்கின் அச்சில் ஒரு பிளாஸ்ரிக் தட்டு. அதைச் சுற்றிச் சிறு காந்தங்கள். ஓரிரு மில்லிமீற்றர் தள்ளி ஒரு சென்சர், அதுதான் பெடல் சென்சர். காந்தங்கள் கடந்து போவதை எண்ணி, "ஆள் மிதிக்கிறார்" என்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்வதுதான் அதன் வேலை. எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. சும்மா காலைச் சுழற்றினாலும் முழு உதவி. உயிரைக் கொடுத்து மிதித்தாலும் அதே உதவி. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது தாமதம். அரைச் சுற்று மிதித்த பிறகுதான் மோட்டார் விழித்துக்கொள்ளும். மணி அடித்து எல்லோரும் எழுந்த பிறகு கையை உயர்த்தி விடை சொல்லும் பிள்ளையை எனக்குப் பழக்கம்தான், ஆனால் அந்தப் பிள்ளையை உவர்மலை ஏற்றத்தில் நம்பி நிற்க வேண்டியதில்லை. ஏற்றத்தின் நடுவில் ஓட்டோ ஒன்று குறுக்கே வந்து காலை ஊன்றிவிட்டால், மறுபடி புறப்பட அந்த அரைச் சுற்றுத்தான் மிகக் கடினம். அதை நான் தனியாகவே மிதிக்க வேண்டும். சைக்கிள் நகர்ந்த பிறகு மோட்டார் வந்து பெருமை எடுத்துக்கொள்ளும்.

கையால் முறுக்கும் அக்சிலேற்றர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. எனக்குக் கிடைத்தது ஐரோப்பிய விதியைப் பார்த்துச் செய்த செற். 250 வோற், மணிக்கு 25 கிலோமீற்றரில் உதவி நின்றுவிடும், மிதித்தால் மட்டுமே ஓடும். சமதரைச் சைக்கிள் பாதைகளுக்கு அந்த விதி நல்லதாக இருக்கலாம். கோணேசர் கோயிலுக்குக் கோட்டைக்குள்ளால் ஏறும்போது, நடுவீதியில் நின்று யோசிக்கும் மான்களுக்காக நின்று நின்று புறப்பட வேண்டிய எனக்கு அது விதியல்ல, தலைவிதி.

தாமதத்தோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. பழைய சைக்கிளில் கிராங்கை அச்சோடு இறுக்குவது கொட்டர் ஆணி, அச்சும் உருண்டை. பெட்டியில் வரும் தட்டோ சதுர முனை அச்சுக்கு அளவெடுத்தது. ஆகவே என் தட்டு பசையின் தயவில் நிற்கிறது. அது ஒரு மயிரிழை சரிந்தாலும் சென்சர் சில காந்தங்களைப் பார்க்கும், சிலவற்றைப் பார்க்காது. மோட்டார் விட்டுவிட்டு ஓடும். போதாக்குறைக்குக் கடற்கரை மணல். இந்தக் கரை மணலில் கறுப்புத் துகள் கலந்திருக்கிறது. வடக்கே புல்மோட்டையில் இல்மனைற் என்ற கறுப்புக் கனிமத்தைப் பிரித்தெடுப்பதே காந்தத்தால்தான். அதே வேலையை என் சைக்கிள் சம்பளமில்லாமல் செய்கிறது. சில நாட்கள் ஓடினால் காந்தங்களில் கறுப்பு மணல் அப்பிக்கிடக்கும். பழைய பல் தூரிகை ஒன்றைக் கொப்பிகளோடு கூடையிலேயே வைத்திருக்கிறேன். வாடைக் காலத்து மழையில் நீரும் உப்பும் சேர்ந்து சென்சரின் பிளக்கில் பச்சை பிடிக்கும். சென்ற கிழமை போனது அப்படித்தான். கடைக்காரத் தம்பி வயர்களைச் சோதித்துவிட்டு, "ரீச்சர், மோட்டாரில் ஒரு பிழையும் இல்லை, இந்தப் பிளாஸ்ரிக்தான்" என்றார். ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்கிறார். முழுச் செற்றிலும் மலிவான பொருள் அதுதான். நல்ல மோட்டார், நல்ல பற்றரி, அதற்குமேல் உத்தரவு போடுவது ஒரு பிளாஸ்ரிக் வட்டம்.

மற்றவை சிறு குறைகள். முன்பக்கம் பாரம் கூடிவிட்டதால் நிறுத்தி வைத்தால் கைபிடி தானாகத் திரும்பும், கொப்பிகள் கொட்டும். முள் ஏறினால் பயமில்லை. சில்லைக் கழற்றாமலே ரியூப்பை ஒரு பக்கம் இழுத்து ஒட்டுப் போட்டுத் தருகிறார்கள். ரியூப்பை மாற்ற வேண்டுமென்றால்தான் வயரைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வாருங்கள்" என்பார்கள். பற்றரி கரியரில் இருப்பதால் பின்னால் யாரையும் ஏற்ற முடியாது. அது எனக்கு வசதியாகவே இருக்கிறது.

கேட்ட ரீச்சருக்கு என் பதில்: வேண்டாம், வாங்காதீர்கள். மேலே எழுதியதைப் படித்தவர்கள் என்னை விசித்திரமாகப் பார்ப்பார்கள் என்று தெரியும். கச்சானுக்கு எதிரே இது கொடுத்த சுகத்தை எந்த வாகனமும் எனக்குக் கொடுத்ததில்லை. ஆனாலும் வேண்டாம் என்றுதான் இன்று சொல்ல வருகிறது. அடுத்த வைகாசியில் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லக்கூடும்.

கேளாமல் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், உங்கள் றிம் 559 ஆ 590 ஆ என்று ரயரின் ஓரத்தில் படித்துவிட்டுப் போங்கள். அக்சிலேற்றர் உள்ள செற்றாகக் கேளுங்கள். இல்லையென்றால், மிதிக்கும் பலத்தையே அளக்கும் சென்சர் உள்ளதை, விலை கூடினாலும், கேளுங்கள். கொட்டர் ஆணிக் கிராங்க் என்றால் முதலில் அதை அச்சோடு மாற்றுங்கள். காந்தத் தட்டு இரண்டு கூடுதலாக வாங்குங்கள், ஒன்று எனக்கு.