ஜி.ஏ.ஏ. பிளஸ்: சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து அயர்லாந்துப் பந்து பார்க்கலாமா?

பார்க்கலாம். காசு கொடுத்தே பார்க்கலாம். பந்து விளையாட்டில் உண்மையான ஈடுபாடு உள்ளவராக இருந்தால் மட்டும், சும்மா பின்னணியில் ஓடட்டும் என்பவருக்கு வேண்டாம்.

ஜி.ஏ.ஏ. பிளஸ் என்பது அயர்லாந்தின் கேலிக் விளையாட்டுச் சங்கம் நடத்தும் இணைய ஒளிபரப்பு. 2014-ல் அந்நாட்டுப் பொதுத் தொலைக்காட்சியான ஆர்.டி.ஈ.யோடு கூட்டாக ஜி.ஏ.ஏ. கோ என்ற பெயரில் ஆரம்பித்தது, 2025-ல் சங்கமே முழுதாகக் கையில் எடுத்துக்கொண்டு பெயரையும் மாற்றியது. என் அக்கா மகன் டப்ளினில் மருத்துவம் படிக்கிறான் (நம் மலேசியப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே டாக்டருக்குப் படிக்கப் போகிறார்கள், தெரிந்ததுதான்), அவன்தான் எனக்கு இதைப் பழக்கினான். அவர்கள் ஆடும் கேலிக் பந்து தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அணிக்கு 15 பேர், கையாலும் காலாலும் ஆடலாம், கம்பத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி, வலைக்குள் போனால் மூன்று. 2025-லிருந்து 40 மீட்டர் வளைவுக்கு வெளியே நின்று அடித்து மேலே அனுப்பினால் இரண்டு. இந்தப் புது விதி வந்தபிறகு ஆட்டம் எவ்வளவோ வேகமாகிவிட்டது.

நேரம் நமக்கு ஓரளவு ஒத்துவருகிறது. கோடையில் அவர்களை விட நாம் ஏழு மணி நேரம் முன்னால். ஞாயிறு மாலை மூன்றரைக்குத் தொடங்கும் இறுதி ஆட்டம் நமக்கு இரவு பத்தரை. சனிக்கிழமை அங்கே ஏழு மணி ஆட்டம் என்றால் இங்கே விடியற்காலை இரண்டு, அதை மறுநாள் பதிவில்தான் பார்க்கிறேன். படம் தெளிவு. நடுநடுவே சுற்றிக்கொண்டு நிற்கிறது என்றால் அது எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) வரும் இணையக் கோளாறு, மழை பெய்தால் எல்லாமே அப்படித்தான், ஒளிபரப்பைக் குறை சொல்ல முடியாது. வர்ணனை ஐரிஷ் உச்சரிப்பில் படபடவென்று ஓடும், நாலைந்து ஆட்டத்தில் காது பழகிவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ஒரு பருவம் முழுக்கப் பார்த்தால் உங்கள் கண்ணில் ஒன்று படும்: பெரிய ஆட்டம் என்றாலே கேமரா க்ரோக் பார்க்கில் நிற்கிறது. 82,300 பேர் கொள்ளும் அரங்கம், அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது டப்ளின் நகருக்குள் இருக்கிறது, டப்ளின் அணியும் போட்டியில் இருக்கிறது. டப்ளினுக்குச் சொந்தத் திடல் பார்னெல் பார்க், சின்னது. அதனால் 2011-லிருந்து லீக் ஆட்டங்களையே க்ரோக் பார்க்குக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். 2018-ல் கடைசி எட்டு அணிகளுக்கு ஆளுக்கு ஓர் உள்ளூர் ஆட்டம், ஒரு வெளியூர் ஆட்டம், ஒரு பொது ஆட்டம் என்று புது முறை கொண்டுவந்தபோது அந்தப் பொது இடமும் க்ரோக் பார்க், டப்ளினின் உள்ளூரும் க்ரோக் பார்க். டோனகால் என்ற இன்னொரு அணிக்காரர்கள் இதை எதிர்த்துச் சங்கத்தின் மாநாடு வரைக்கும் போனார்கள், தோற்றார்கள்.

"எல்லா அணியும் அங்கே ஆட ஆசைப்படுறாங்க லா மாமா, கூட்டமும் சின்னத் திடல்ல கொள்ளாது" என்கிறான் மருமகன். அவன் டப்ளின் ரசிகன் ஆகிவிட்டான். சரி, கூட்டக் கணக்கு உண்மைதான். ஆனால் உள்ளூர்த் திடல் என்பது கைதட்டுகிற கூட்டம் மட்டுமில்லை. கேலிக் பந்தில் திடலின் அளவே எல்லா இடத்திலும் ஒன்று கிடையாது, நீளம் 130-லிருந்து 145 மீட்டர், அகலம் 80-லிருந்து 90 வரை இருக்கலாம். அகலமான திடலில் அடிக்கடி ஆடுகிறவனுக்கு எந்த மூலை எப்போது காலியாகும் என்று உடம்பே சொல்லும். டப்ளின் கோல்கீப்பர் ஸ்டீபன் கிளக்ஸ்டன் பந்தை எடுத்து வைத்த வேகத்தில் ஓடுகிறவனின் கைக்கு அளந்து அனுப்புவாரே, பல வருஷம் ஒரே அரங்கத்தில் நின்று அடித்த பழக்கமும் அதில் சேர்ந்திருக்கிறது.

தோட்டத்தில் பந்து ஆடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாங்கள் ஆடிய காலத்தில் தோட்டங்களுக்கிடையே கிண்ணப் போட்டி நடக்கும், இறுதி ஆட்டம் எப்போதும் ஆபீஸ் பக்கத்துத் திடலில்தான். மானேஜர் உட்கார நாற்காலி, கொட்டகை எல்லாம் அங்கேதான் இருந்தது. அந்தத் திடல் ஒரு பக்கம் லோங்காங்கை (சாக்கடையை) நோக்கிச் சரிந்திருக்கும். அந்த ஆபீஸ் பக்கத்து டிவிசன் பையன் வலப்பக்கம் பந்தைத் தட்டிவிட்டு நேராக ஓடாமல் கீழே சரிவு ஓரமாக ஓடி நிற்பான், பந்து தானாக அவன் காலுக்கு வரும். எங்கள் பையன்கள் பந்து போன திசையில் ஓடி ஏமாறுவார்கள். அவர்களுக்கு பூட்ஸும் உண்டு. நாங்கள் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரியில் நின்றுகொண்டே போய் இறங்குவோம்.

அதனால்தான் கில்டேர் அணியின் கதையைக் கேட்டபோது எனக்குக் கை துறுதுறுத்தது. 2018-ல் மேயோ அணியோடு ஆட வேண்டியது, குலுக்கலில் கில்டேருக்கு உள்ளூர் ஆட்டம் விழுந்தது. நியூபிரிட்ஜ் ஊரில் அவர்கள் திடல் சின்னது, க்ரோக் பார்க்குக்கு வா என்றது சங்கம். வரமாட்டோம், நியூபிரிட்ஜ் இல்லையென்றால் ஆட்டமே இல்லை என்று நின்றார்கள். பயிற்சியாளர் கியன் ஓ'நீல் அசையவில்லை. கடைசியில் சங்கம்தான் இறங்கி வந்தது. ஜூன் 30, சொந்தத் திடல், 21-க்கு 19 என்று கில்டேர் ஜெயித்தது. ஒரு சின்ன இடம் தன் உரிமையை வாய்விட்டுக் கேட்டு, வாங்கி, அதில் ஜெயித்தும் காட்டியது!

பணக் கணக்குக்கு வருவோம். இந்த விளையாட்டில் ஆடுகிற யாருக்கும் சம்பளம் இல்லை, ஆள் வாங்குகிற பழக்கமும் இல்லை, அவரவர் கவுண்டிக்குத்தான் (நம் மாவட்டம் மாதிரி) ஆட்டம். அப்படியானால் பணம் எங்கே வேலை செய்கிறது? பிள்ளைகளிடம். டப்ளின் 1995-க்குப் பிறகு அகில அயர்லாந்துக் கிண்ணமே பார்க்காமல் இருந்தது, தலைநகரத்துப் பிள்ளைகள் வேறு விளையாட்டுக்குப் போகிறார்கள் என்று சங்கத்துக்குப் பயம். 2000-களின் நடுவிலிருந்து ஆண்டுக்குப் பத்து லட்சம் யூரோவுக்கும் மேல் டப்ளினின் பயிற்சித் திட்டத்துக்குப் போனது. கிளப்புக்குக் கிளப் சம்பளப் பயிற்சியாளர், அவர்கள் பள்ளிக்கூடத்துக்குள் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். 2011-லிருந்து 2023-க்குள் டப்ளினுக்கு ஒன்பது கிண்ணம், அதில் 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு. அதற்கு முன் யாரும் அப்படி ஆறு ஜெயித்ததில்லை.

எல்லாம் பணத்தால் வந்தது என்று சொன்னால் அநியாயம். கிளக்ஸ்டன் 2001-லேயே அணிக்கு வந்தவர், அந்தப் பணம் பிறகுதான் வந்தது. மக்கள்தொகையும் இருக்கிறது: 2022 கணக்கெடுப்பில் டப்ளினில் சுமார் 14 லட்சத்து 58 ஆயிரம் பேர், லீட்ரிம் என்ற சின்னக் கவுண்டியில் 35 ஆயிரம். பெரிய ஊருக்குப் பெரிய தொகை போவது நியாயம்தானே என்று கேட்கலாம். ஆனால் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தாலும் டப்ளின் மற்ற பல கவுண்டிகளை விட மேலே நின்றது, அதுதான் எனக்கு உறுத்துகிறது. வெஸ்ட்மீத்தின் முன்னாள் ஆட்டக்காரர் ஜான் கொன்னெல்லன் 2020-ல் கடிதம் எழுதி இதைப் பெரிதாக்கினார், பங்கீட்டை மாற்றுகிற பேச்சு அதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது. ஏற்கெனவே கூட்டமும் விளம்பரதாரரும் உள்ளவனுக்கு மேலும் கொடுத்துவிட்டு, இல்லாதவனைப் பார்த்து நீயும் உழைத்து வா என்று சொல்வதை நான் எந்த ஊரிலும் ஏற்கமாட்டேன்.

நம் நாட்டில் இது நமக்குப் புதுசா? 2014-லிருந்து சூப்பர் லீக் கிண்ணம் ஜொகூரை விட்டு நகரவில்லை. பேராக் 2025-26 பருவத்தில் லீக்கிலேயே இல்லை, பணம் இல்லை. பேராக் ரசிகனாக இருந்துகொண்டு இந்த ஐரிஷ் வழக்கைப் பார்ப்பதால்தான் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது போலும்.

நல்ல சேதியும் உண்டு. 2025 ஏப்ரலில் போர்ட்லீஷ் என்ற ஊரில், அதாவது க்ரோக் பார்க்குக்கு வெளியே, லென்ஸ்டர் மாகாணப் போட்டியின் அரையிறுதியில் டப்ளினை மீத் அணி தோற்கடித்தது. பதினான்கு வருஷமாக டப்ளின் விடாமல் வைத்திருந்த லென்ஸ்டர் கிண்ணம் அன்றைக்குக் கை நழுவியது. இறுதி ஆட்டத்தில் மீத்தை லவுத் அணி ஜெயித்தது, 1957-க்குப் பிறகு அவர்களுக்கு அதுதான் முதல் முறை. வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள், நான் மட்டும் சோபாவில் எழுந்து நின்று பார்த்தேன்.

இந்த ஒளிபரப்பிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. சின்னத் திடல் ஆட்டங்களை இன்னும் நிறையக் காட்டுங்கள். மரமும் சுவரும் தெரிகிற, ஆட்டக்காரன் கத்துவது மைக்கில் விழுகிற ஆட்டங்கள்தான் உங்களிடம் இருக்கிற நல்ல சரக்கு. சந்தாப் பணத்தில் லீட்ரிம் மாதிரி இடங்களுக்கு எவ்வளவு போகிறது என்பதையும் முகப்பிலேயே போடுங்கள், நான் இன்னும் சந்தோஷமாகக் கட்டுவேன்.

வாங்குகிறவர்களுக்கு: முழுப் பருவச் சந்தா யூரோவைப் பெருக்கிப் பார்த்தால் கொஞ்சம் கடிக்கும், இரண்டு குடும்பமாகச் சேர்ந்து ஒரே வீட்டில் பார்த்தால் தாங்கும். ஒற்றை ஆட்டமாகக் கிடைத்தால் முதலில் அதை வாங்குங்கள், டப்ளின் வெளியூருக்குப் போகிற ஆட்டமாகப் பார்த்து எடுங்கள்.