ஆப் மும்பையில், டேட்டாபேஸ் அமெரிக்காவில்: பாக்கிப் பணம் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

ஆப் செய்து கிளவுடிலும் ஏற்றித் தருகிறோம் என்று சொல்லும் நிறுவனத்திடம் வேலை கொடுத்தவர்களும், கொடுக்கப் போகிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என் அக்கா நடத்தும் டியூஷன் சென்டருக்கு ஒரு நிறுவனம் செய்து கொடுத்த வேலையைப் பற்றி எழுதுகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. ஆனால் என்ன செய்தார்கள் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன், இதே வேலையை இதே லட்சணத்தில் செய்து கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆப் அப்படியொன்றும் பெரியதில்லை. பிள்ளைகளின் வருகைப் பதிவு, ஃபீஸ் பாக்கி, பெற்றோருக்குப் போகும் மெசேஜ், அவ்வளவுதான். அமேசான் கிளவுடில், மும்பை ரீஜனில் (ரீஜன் என்றால் அமேசானின் கம்ப்யூட்டர்கள் இருக்கும் பகுதி), இசி2 என்ற வாடகை சர்வர் ஒன்றில் ஆப் ஓடுகிறது. தகவலைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸ், அமேசானின் ஆர்டிஎஸ் சேவையில் ஓடும் போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருள். ஆர்டிஎஸ்ஸில் பேக்கப், சாஃப்ட்வேர் அப்டேட் போன்ற வேலைகளை அமேசானே பார்த்துக்கொள்ளும், ஆப்பை அதோடு ஒழுங்காக இணைப்பதுதான் நம் பக்கத்து வேலை. பணம் வாங்கியதும் அதற்குத்தான், கெடுத்து வைத்ததும் அதைத்தான்.

ஆரம்பத்திலிருந்தே ஆப் மந்தம். ஒரு பேட்ச்சின் ஃபீஸ் பக்கத்தைத் திறந்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கேட்டதற்கு, “மேடம், யூசர்ஸ் அதிகமாயிட்டாங்க, டேட்டாபேஸைப் பெருசாக்கணும்” என்றார்கள். பெரிதாக்கினார்கள். மாதப் பில் ஏறியது, அதற்குமேல் இவர்களுடைய சர்வீஸ் சார்ஜ் தனி. வேகம் மட்டும் கூடவில்லை. திரும்பவும் பெரிதாக்க வேண்டும் என்று வந்து நின்றபோதுதான் அக்கா என்னைக் கூப்பிட்டு, “தம்பி, நீ ஒருதடவை பாத்துச் சொல்லேன்” என்றாள். எனக்கு இதே துறையில்தான் வேலை.

ஆப் ஓடும் சர்வருக்குள் போய், அங்கிருந்தே டேட்டாபேஸுக்குக் கனெக்‌ஷன் போட்டு, டைமிங்கை ஆன் செய்துவிட்டு ‘செலக்ட் 1’ என்று அடித்தேன். எந்த டேபிளையும் தொடாத, இருப்பதிலேயே எளிய கேள்வி அது. ஒரே ரீஜனுக்குள் இருந்தால் ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் பதில் வந்துவிடும். எனக்கு 200 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் முன்னபின்ன ஆனது. திரும்பத் திரும்ப அடித்தாலும் அதேதான். அப்புறம் டேட்டாபேஸின் முகவரியைப் பார்த்தேன், மும்பைக்கு உரிய ‘ஏபி-சவுத்-1’ இருக்க வேண்டிய இடத்தில் ‘யுஎஸ்-ஈஸ்ட்-1’ என்று இருந்தது. அதாவது வர்ஜீனியா. அமேசானின் நிர்வாகப் பக்கமான கன்சோலில் மேலே எந்த ரீஜன் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் டேட்டாபேஸை உருவாக்கியிருக்கிறார்கள்.

ஃபீஸ் பக்கத்தின் புரோகிராம் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாக ஒரு க்வெரி, அதாவது டேட்டாபேஸுக்கு ஒரு கேள்வி, அனுப்புகிறது. 40 பிள்ளைகள் இருக்கும் பேட்ச் என்றால் அமெரிக்காவுக்கு 40 தடவை போய் வர வேண்டும், அதிலேயே 8 விநாடி போய்விடும். டேட்டாபேஸை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்தத் தூரம் குறையாது. சர்வர்களின் உழைப்பைக் காட்டும் அமேசானின் கிளவுட்வாட்சில் டேட்டாபேஸின் சிபியு கிராஃபைத் திறந்தால் கோடு தரையோடு படுத்துக் கிடக்கிறது, அதாவது அதற்கு வேலையே இல்லை. அந்தத் திரையைத் திறந்து பார்க்கும் உரிமை முதல் நாளிலிருந்து இவர்களிடம் இருந்தது. பார்க்காமலே விற்றார்கள் என்றாலும் தப்பு, பார்த்துவிட்டு விற்றார்கள் என்றால் அது மோசடி.

நடுவில் ஒரு பரீட்சை சமயத்தில் ஆப் அடியோடு நின்றும் போயிருக்கிறது. லாகில் ‘டூ மெனி கிளையன்ட்ஸ்’ என்ற எரர், ஒரே நேரத்தில் இணைப்புகள் அளவுக்கு மிஞ்சிவிட்டன என்று அர்த்தம். கனெக்‌ஷன் பூல், அதாவது திறந்த சில இணைப்புகளையே மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் ஏற்பாடு, வைக்காமல், ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புதிதாக ஒரு கனெக்‌ஷன் திறந்து, சிலவற்றை மூடாமலும் விட்டிருந்தார்கள். ஆர்டிஎஸ் போஸ்ட்கிரெஸில் எத்தனை கனெக்‌ஷன் வரை விடலாம் என்பது மெமரியை வைத்துத் தானாகக் கணக்காகும், மெமரி பைட்டுகளை 9531392ஆல் வகுத்து வருகிற எண். 1 ஜிபி மெமரிக்கு அது நூறை ஒட்டித்தான் வரும். பெரிய சைஸுக்கு மாற்றியதும் அந்த எல்லை உயர்ந்து எரர் கொஞ்ச நாள் மறைந்துவிட்டது, அதையே காட்டி “பாத்தீங்களா மேடம், சரியாயிடுச்சு” என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். அடுத்ததை விட முடியாது. ஆப்பும் டேட்டாபேஸும் வேறு வேறு ரீஜனில் இருந்ததால் உள் நெட்வொர்க் வழியாக நேரே இணைக்க முடியவில்லை. இப்படி இருந்தால், ரீஜன் தாண்டி இரண்டு தனி நெட்வொர்க்குகளை (விபிசி) இணைக்கும் விபிசி பியரிங் போடலாம், அல்லது டேட்டாபேஸை மும்பைக்கே கொண்டுவரலாம். இவர்கள் ‘பப்ளிக் ஆக்சஸ்’ என்பதை ஆம் என்று வைத்து, யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்யும் செக்யூரிட்டி குரூப்பில், போஸ்ட்கிரெஸின் வாசலான 5432 போர்ட்டை 0.0.0.0/0க்கு, அதாவது எல்லா முகவரிகளுக்கும், திறந்துவிட்டார்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் கதவைத் தட்டலாம் என்று அர்த்தம். இப்படித் திறந்து கிடக்கும் போர்ட்டுகளைத் தேடிக்கொண்டே தானியங்கி புரோகிராம்கள் (பாட்) சுற்றுகின்றன. பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே போய், டேபிள்களை அழித்துவிட்டு, பிட்காயின் கேட்டு ஒரு குறிப்பை மட்டும் விட்டுப் போகும் கும்பல்கள் இருக்கின்றன. இங்கே பாஸ்வேர்டு என்ன தெரியுமா? சென்டரின் பெயரும் 123ம். அதுவும் உரிமை அதிகமுள்ள மாஸ்டர் யூசரின் பாஸ்வேர்டு, புரோகிராமுக்குள்ளேயே எழுதி, புரோகிராமைச் சேமித்து வைக்கும் கிட்டில் (Git) ஏற்றப்பட்டிருக்கிறது. ஆப்புக்கு என்று உரிமை குறைந்த தனி யூசர் கிடையாது. இணைப்பை எப்படிப் பாதுகாப்பது என்று சொல்லும் எஸ்எஸ்எல் மோடும் குறிப்பிடவில்லை. குறிப்பிடாவிட்டால், ஆப்பை டேட்டாபேஸோடு இணைக்கும் போஸ்ட்கிரெஸ் டிரைவர் மென்பொருள் பலவும் சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்காமலே இணைந்துவிடும். ‘வெரிஃபை-ஃபுல்’ என்று வைத்து, அமேசான் தரும் சர்டிஃபிகேட் ஃபைலையும் கொடுத்தால்தான் எதிர்ப்பக்கம் இருப்பது நம் டேட்டாபேஸ்தானா என்று உறுதியாகும்.

உள்ளே இருந்தவை பள்ளிப் பிள்ளைகளின் பெயர், படம், வீட்டு முகவரி, அம்மாவின் போன் நம்பர். அக்காவை நம்பிப் பெற்றோர் கொடுத்தவை. நாளைக்கு ஏதாவது ஆனால் அந்த நிறுவனம் நழுவிக்கொள்ளும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலையை வெளியாளிடம் கொடுத்திருந்தாலும், தகவலைச் சேகரித்தவர் மேல்தான் பொறுப்பை வைக்கிறது.

சரிசெய்து தாருங்கள் என்று கேட்டோம். ரீஜன் மாற்றத்துக்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள், ஆப் செய்ய வாங்கியதில் பாதி. அமேசான் அக்கவுன்ட்டைக் கொடுங்கள், நாங்களே மாற்றிக்கொள்கிறோம் என்றால், அது அவர்கள் மெயில் ஐடியில் திறந்த அக்கவுன்ட்டாம், தர முடியாதாம். பில் கட்டுவது அக்கா, உரிமை அவர்களுக்கு. கடைசியில் அக்கா பெயரில் புது அக்கவுன்ட் திறந்து, மும்பையில் ஒரே விபிசிக்குள் புது சர்வரும் டேட்டாபேஸும் போட்டு, பிஜி-டம்ப் என்ற கருவியால் பழைய டேட்டாபேஸின் நகல் எடுத்து மாற்றினோம். பப்ளிக் ஆக்சஸ் இல்லை. செக்யூரிட்டி குரூப்பில் ஐபிக்குப் பதிலாக ஆப் சர்வரின் செக்யூரிட்டி குரூப்பையே சோர்ஸாகக் கொடுத்தேன், சர்வர் மாறினாலும் ரூல் மாற வேண்டாம். பாஸ்வேர்டு, ரகசியங்களை வைக்கும் அமேசானின் சீக்ரெட்ஸ் மேனேஜரில். பேக்கப்பை 35 நாள் வரை வைக்கலாம், அங்கே 1 நாள்தான் வைத்திருந்தார்கள், அதையும் கூட்டினேன். பழைய சின்ன சைஸ் டேட்டாபேஸிலேயே ஃபீஸ் பக்கம் இப்போது உடனே திறக்கிறது. கொடுத்த பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

இப்படி யாரிடமாவது ஆப் வாங்கியிருக்கிறீர்களா? கிளவுட் அக்கவுன்ட் யார் மெயிலில் இருக்கிறது என்று இன்றைக்கே கேளுங்கள். அப்புறம் வீட்டிலிருந்து மொபைல் டேட்டாவில், டேட்டாபேஸோடு இணையப் பயன்படும் டிபீவர் மாதிரி மென்பொருள் ஏதாவது ஒன்றில் உங்கள் டேட்டாபேஸ் முகவரியைக் கொடுத்து, வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்டு போட்டுப் பாருங்கள். ரொம்ப நேரம் காத்திருந்து டைம்அவுட் ஆனால் நல்லது. பாஸ்வேர்டு தவறு என்று பதில் வந்தால், உங்கள் டேட்டாபேஸ் ஊர் உலகத்துக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது, பாக்கிப் பணத்தை நிறுத்தி வையுங்கள்.