கொல்லைக்கு முள்ளங்கி, கூட்டுக்கு நூக்கல்

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல் மூன்றும் ஒரே தாவர இனம்: பிராசிகா ஒலரேசியா. ஒன்றில் இலை உருண்டு மூடிக்கொண்டது, ஒன்றில் பூ விரியாமலே இறுகிப்போனது, ஒன்றில் தண்டு பருத்தது. முள்ளங்கி அதே குடும்பத்துப் பங்காளி, பேரினம் வேறு. காவிரி டெல்டாவில் இருக்கும் நமக்குக் கொல்லையில் போட இவற்றில் எது தோது என்று கேட்டால், என் கட்சி முள்ளங்கிதான்.

முதல் காரணம் வெயில். காலிஃபிளவரில் பூ நன்றாகக் கட்ட 15 முதல் 20 டிகிரி வேண்டும். தஞ்சாவூரில் மார்கழிப் பின்னிரவில்தான் அந்தக் குளிரை ஒட்டி வருகிறோம்; பகலில் 30 டிகிரியைத் தொட்டுவிடும். வெப்பம் தாங்கும் ரகங்கள் உண்டு என்றாலும் பூ சின்னதாகவும் தளர்வாகவும் வந்து மனத்தை வருத்தும். கோஸும் மூன்று மாதத்துக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். கோடை தாங்கும் பூசா சேத்கி ரக முள்ளங்கியோ 40, 45 நாளில் கைக்கு வந்துவிடும்.

நம் களிமண்தான் முள்ளங்கிக்கு எதிரி. கொள்ளிடக் கரைப் படுகை மண்ணில் நேராக இறங்கும் கிழங்கு, வயலை ஒட்டிய கொல்லையில் முண்டும் முடிச்சுமாக நின்றுவிடும். அதற்காக விட்டுவிட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்ததும் ஒரு முழம் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி, மணலும் நன்றாக மக்கிய எருவும் கலந்து, விதையை நேரே ஊன்றுங்கள். நாற்று விட்டுப் பிடுங்கி நட்டாலோ, மக்காத சாணம் போட்டாலோ கிழங்கு கவைத்துப் போகும். முற்ற விட்டால் உள்ளே பஞ்சாகிவிடும். இளசாகவே பிடுங்கிவிட வேண்டும்.

அடுத்தது பூச்சி. கோஸையும் காலிஃபிளவரையும் அரிக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி சாதாரண எதிரி இல்லை. டிடிடி பூச்சிமருந்தையே தாங்கப் பழகிவிட்டது என்று 1953இலேயே ஜாவாவில் பதிவாகியிருக்கிறது. மருந்து மாற்றி மருந்து அடிப்பதற்கு இதுவே காரணம். 20 வரிசை கோஸுக்கு ஒரு வரிசை கடுகு விதைத்து, அந்துப்பூச்சியை அதில் முட்டையிட இழுக்கும் முறை நல்லதுதான், ஆனால் அது வயலுக்கு. நாலு பாத்திக் கொல்லைக்குச் சரிவராது. கடையில் வாங்கும் கோஸில் மேல் இலை இரண்டு மூன்றைத் தயங்காமல் உரித்துப் போடுங்கள். காலிஃபிளவரை உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் சற்று நேரம் போட்டுவைக்காமல் சமைக்கவே கூடாது.

சத்தில் முள்ளங்கி தோற்கும் இடமும் உண்டு. 100 கிராம் பச்சைக் காயில் வைட்டமின் சி நூக்கலில் சுமார் 60 மில்லிகிராம், காலிஃபிளவரில் 48, கோஸில் 36. முள்ளங்கிக் கிழங்கில் 15தான். ஆனால் முள்ளங்கியின் கீரை இந்தக் குறையைத் தாராளமாக ஈடுகட்டும். சந்தையில் அதைக் கிள்ளி எறிந்துவிட்டு விற்கிறார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம். பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டுப் பொரியல் செய்தால் அதற்கு இணையான கீரை குறைவு. கொல்லையில் போடுவதன் பெரிய லாபமே இந்தக் கீரைதான்.

அடுப்படியில் ஆளுக்கொரு வேலை. சாம்பாருக்கு முள்ளங்கிக்குப் போட்டியே இல்லை. கூட்டுக்கு நூக்கல்: மலையிலிருந்து வந்த அன்றே, பந்து அளவைத் தாண்டாத இளங்காயாக, இலை வாடாததாகப் பார்த்து வாங்க வேண்டும். வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் வைட்டமின் சியில் ஒரு பகுதி அதோடு போய்விடும். கூட்டில் அந்தக் கவலை இல்லை. கோஸ் அவசரத்துக்கு உதவும் காய், பொரியலுக்கு நறுக்கென்று இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். அதிக நேரம் வெந்தால் கந்தக வாடை கிளம்பி வீட்டையே நிறைக்கும்.

திவசச் சமையலில் கோஸுக்கும் காலிஃபிளவருக்கும் இடமில்லை என்று ஒதுக்கும் வீடுகள் இங்கே இன்றும் ஏராளம். அன்றைக்கு வாழைக்காயும் அவரையும் இருக்கின்றன. மற்ற நாட்களில் காலிஃபிளவரை தை, மாசியில் மட்டும் வாங்குங்கள்; விலை இறங்கி, பூவும் வெள்ளையாக இறுகியிருக்கும் காலம் அது.