மாத்திரையா, தயிரா, பருப்பா? மாமாவின் இதயத்துக்காக வீட்டில் நடந்த வாதம்

மாமாவுக்கு இதயக் குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்து, மலேசியாவின் பட்டர்வொர்த்தில் உள்ள வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றே ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். குடல் பாக்டீரியாவுக்கும் இதயத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று எங்கோ படித்த அண்ணன் மருந்துக்கடையில் நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரை ஒரு புட்டி வாங்கி வந்தார், அத்தை வீட்டுத் தயிர் போதும் என்றார், நான் பருப்பும் கீரையும்தான் முக்கியம் என்றேன்.

முதலில் அந்தத் தொடர்பு என்னவென்று பார்ப்போம். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியில் இருக்கும் கார்னிடினையும் முட்டை மஞ்சள் கருவில் இருக்கும் கோலினையும் குடலில் உள்ள சில பாக்டீரியாக்கள் டி.எம்.ஏ. என்ற பொருளாக மாற்றுகின்றன, அதைக் கல்லீரல் டி.எம்.ஏ.ஓ. ஆக்குகிறது. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் ஸ்டான்லி ஹேசன் குழு 2011இல் இதை இதயநோயோடு இணைத்துக் காட்டியது. 2013இல் 4,007 பேரை மூன்று ஆண்டு கவனித்ததில், ரத்தத்தில் டி.எம்.ஏ.ஓ. மிக அதிகமாக இருந்த கால்பங்குப் பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் ஆபத்து மிகக் குறைவாக இருந்தவர்களைப் போல இரண்டரை மடங்கு. அதே குழு சைவ உணவுக்காரர் ஒருவரை மாட்டிறைச்சி சாப்பிட வைத்துப் பார்த்தபோது அவர் உடம்பில் இந்தப் பொருள் ஏறவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவாக இருந்தது. ஒரே இறைச்சிதான், குடல் வேறு என்பதால் விளைவும் வேறு! ஆனால் சிறுநீரகம் பலவீனமானாலும் டி.எம்.ஏ.ஓ. ஏறும், மீனிலும் அது இயல்பாகவே இருக்கிறது, அதனால் இது நோய்க்குக் காரணமா வெறும் அடையாளமா என்ற வாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, மாத்திரை. லாக்டோபசிலஸ் ரியூட்டரி பாக்டீரியாவில் குறிப்பிட்ட ஒரு ரகம் கெட்ட கொலஸ்ட்ராலை சுமார் 11 சதவீதம் குறைத்ததாக ஒரு சோதனை உண்டு. ஆனால் அந்த ரகம் செய்ததை இன்னொரு ரகம் செய்யும் என்று சொல்ல முடியாது, அண்ணன் வாங்கிய புட்டியில் இருந்தது வேறு ரகம். புரோபயாடிக் மாத்திரையால் மாரடைப்பு குறைந்தது என்று நிரூபித்த சோதனையும் கிடையாது. சாப்பிடுவதை நிறுத்தினால் அந்தப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை குடலைவிட்டுப் போய்விடும், மாதாமாதம் பணம் செலவழித்துக்கொண்டே இருக்க வேண்டும். நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

அத்தையின் தயிர் நான் நினைத்ததைவிட நன்றாகவே நிற்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரைப் புளித்த உணவுக் குழு, நார்ச்சத்துக் குழு என்று இரண்டாகப் பிரித்து 10 வாரம் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். தயிர், கெஃபிர், கிம்ச்சி போன்ற புளிக்க வைத்த உணவு சாப்பிட்டவர்களுக்குப் பாக்டீரியா வகைகள் கூடின, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. இதயக் குழாய்க்குள் கொழுப்புப் படிவதில் அழற்சிக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. நார்ச்சத்துக் குழுவுக்கு அந்தப் பத்து வாரத்தில் பாக்டீரியா வகைகள் கூடவில்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தயிரை மோர்க்குழம்பாகக் கொதிக்க வைத்தால் பாக்டீரியா செத்துவிடும். தோசை மாவு எவ்வளவு புளித்தாலும் கல்லில் அதே கதைதான், சோயாவைப் புளிக்க வைத்துச் செய்யும் தெம்பேயும் எண்ணெயில் பொரித்தால் அப்படித்தான். கடையில் சீனி கொட்டி விற்கும் பால் பானத்தை நான் இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அப்படியும் நார்ச்சத்துதான் என் முதல் தேர்வு. நம்மால் செரிக்க முடியாத நாரைக் குடல் பாக்டீரியா தின்று பியூட்டிரேட், புரோபியோனேட் போன்ற அமிலங்களாக்குகிறது, பியூட்டிரேட்தான் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய உணவு. அதோடு பருப்பிலும் ஓட்ஸிலும் இருக்கும் கரையும் நார் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதால், புதுப் பித்தம் செய்ய ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலைத்தான் கல்லீரல் எடுத்தாக வேண்டும். 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வில், நார் அதிகம் சாப்பிட்டவர்களிடம் இதயநோய் மரணம் உட்படப் பல ஆபத்துகள் 15 முதல் 30 சதவீதம் குறைவாக இருந்தன, நாளுக்கு 25 முதல் 29 கிராம் வரை நல்ல அளவு என்றார்கள். தயிருக்கு இருப்பது 36 பேரின் ரத்த அளவுகள், இங்கே பேசுவது பல ஆண்டுகள் கவனித்த உயிர்க்கணக்கு, அதனால்தான் இதை முன்னால் வைக்கிறேன்.

இப்போது மாமாவின் வழக்கமான மதியச் சாப்பாட்டைப் பாருங்கள். நாசி கண்டார், அதாவது வெள்ளைச் சோறு, ஆட்டிறைச்சி, அவித்த முட்டை, மேலே கலந்து ஊற்றிய குழம்பு. அந்தத் தட்டில் நார் என்று சொல்ல இரண்டு வெண்டைக்காய்தான். ஒரு கோப்பை வெள்ளைச் சோற்றில் நார் ஒரு கிராம்கூட வராது, அதே அளவு அவித்த கொண்டைக்கடலையில் சுமார் 12 கிராம். லிட்டில் இந்தியாவில் அதை வாங்க எவ்வளவு ஆகிவிடும்? மலாய்க்காரர்கள் உலாம் என்று பச்சையாகச் சாப்பிடும் வல்லாரையும் சிறகவரையும் பசாரிலேயே கிடைக்கிறது.

ஆட்டிறைச்சியை அடியோடு விடச் சொன்னால் மாமா கேட்க மாட்டார், வாரம் ஒருமுறை என்று பேசி முடித்தோம். கொண்டைக்கடலையைத் திடீரென்று நிறையக் கொடுத்தால் வயிறு உப்பும் என்பதால் முதல் வாரம் அரைக் கோப்பை, தண்ணீர் கூடுதலாக, மதியத்துக்கு ஆறிய சோற்றில் தயிர். கொலஸ்ட்ராலைக் குறைக்க மருத்துவர் கொடுத்த ஸ்டாட்டினும் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையும் ஒரு நாள்கூடத் தவறவில்லை, அவற்றுக்குப் பதிலாக இதில் எதையும் நாங்கள் கொடுக்கவில்லை. அண்ணன் வாங்கிய புட்டியை அடுத்த செக்கப்புக்கு எடுத்துப் போய் மருத்துவரிடமே காட்டிக் கேட்கப் போகிறோம்.