பல்லடம் வட்டார மனநலச் சுவரொட்டிகள்: ஒரு மதிப்பீடு

பல்லடம் வட்டாரத்திலுள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் மனநலம் பற்றிய மூன்று சுவரொட்டிகள் ஒட்டப்பட்டுள்ளன. மருந்துக்காக வரிசையில் நின்றவர்களிடம் அவற்றைப் படிக்கச் சொல்லி, பின்பு சுவருக்கு முதுகு காட்டித் திரும்பி நிற்கச் செய்து, இதைப் படித்த பின் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டேன். புரிந்ததா என்று கேட்டால் புரியவில்லை என்று எவரும் சொல்வதில்லை.

சூரிய உதயமும் மகிழ்ச்சி முழக்கமும் கொண்ட முதல் சுவரொட்டியைப் பற்றி, "நல்லா இருக்கோணும்னு போட்டிருக்குதுங்க" என்பதற்கு மேல் எவரும் சொல்லவில்லை.

இரண்டாவது, தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகிய அறிகுறிகளைப் படங்களோடு தருகிறது. விசைத்தறி ஓட்டும் ஒருவர் அதன்முன் நெடுநேரம் நின்றார். ஆனால் இரவுப் பணிக்காரர்களுக்குத் தூக்கம் கெடுவது வழக்கமான செய்தி. பெரும்பாலான நாட்கள் இப்படியே இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால்தான் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்ற, எல்லாவற்றையும் பிரித்துக்காட்டும் வரி, அடியில் எறும்பெழுத்தில் கிடப்பதால் அதை ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை.

மூன்றாவதில், தொலைபேசி வழியே மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண் பெரிதாக இருந்ததால் பலருக்கு நினைவில் நின்றது. அழைப்பீர்களா என்றதும் கேள்விகள் வந்தன: காசு பிடிப்பார்களா, யார் பேசுவார்கள், வீட்டுக்குத் தெரிந்துவிடுமா? 2022 அக்டோபரில் தொடங்கிய இச்சேவை கட்டணமற்றது. 24 மணி நேரமும் இயங்குவது. பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுகிறார்கள். சிகிச்சை பெறுபவரின் விவரங்களை இரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது. இவற்றில் ஒன்றுகூடச் சுவரொட்டியில் இல்லை. இலச்சினைகளுக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைத்திருக்கிறது.

ஒட்டிய இடமும் பிழையானது. பங்காளிகளும் அக்கம்பக்கத்தாரும் நிற்கும் வரிசையில் அந்த எண்ணைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ள யாருக்குத் துணிவு வரும்? கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டினால் தனியாகப் படிக்கலாம். தறிக்கூடங்களிலும் பனியன் கம்பெனிகளிலும் இந்தியும் ஒடியாவும் பேசுவோர் நிறைந்திருக்கும் வட்டாரத்தில் மூன்றுமே தமிழில் மட்டும் இருப்பதும் குறையே.

முதலாவதைக் கழற்றிவிடலாம், இரண்டாவதில் கால அளவைத் தலைப்பாக்கி மறுபடி அச்சிட வேண்டும், மூன்றாவதில் இலச்சினைகளைச் சுருக்கி, அழைத்தால் என்ன நடக்கும் என்பதை இரண்டு வரிகளில் சேர்த்தால் போதும்.