2.5 சி.சி. மாடல் டீசலுக்கு ஒரு த்ராட்டில் கார்பரேட்டர்

மாடல் விமானங்களுக்கான பழைய சிறு டீசல் எஞ்சின்கள் பெரும்பாலும் முழு வேகத்தில் மட்டும் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. ஒரு காற்றுக்குழாயும், அதன் குறுக்கே எரிபொருளைச் செலுத்தும் நீடில் வால்வும் (ஊசியைத் திருகி எரிபொருளின் அளவை மாற்றும் திறப்பு) மட்டுமே அவற்றின் கார்பரேட்டர். ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கவிடுபவருக்கு இது போதாது; வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் வேண்டும். இங்கிலாந்தின் மேக்கிள்ஸ்ஃபீல்டில் தயாரான பி.ஏ.டபிள்யூ. எஞ்சின்கள் த்ராட்டில் பொருத்தப்பட்டும் கிடைத்தன. அவ்வாறு அல்லாத எஞ்சினை வைத்திருப்பவர் கார்பரேட்டரைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். ஒரு சிறு பட்டறை டீசலுக்கென்றே கடைந்து விற்கும் அத்தகைய கார்பரேட்டரை என் 2.5 சி.சி. எஞ்சினில் பொருத்தி ஓட்டிவருகிறேன்.

டீசலுக்கென்றே செய்யப்பட்டது என்பதுதான் இதில் முக்கியம். கிளோ எஞ்சின்கள், அதாவது சூடான கம்பியுள்ள கிளோ பிளக்கால் பற்றவைக்கப்படும் மாடல் எஞ்சின்கள், மெத்தனாலில் ஓடுபவை. ஒரு பங்கு மெத்தனால் எரிய எடையளவில் சுமார் ஆறரைப் பங்கு காற்று போதும். மண்ணெண்ணெய்க்கோ சுமார் 15 பங்கு வேண்டும். ஆகவே, ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் கலந்த நம் எரிபொருளைக் கிளோ எஞ்சின் கார்பரேட்டரில் ஊற்றினால், ஊசியைச் சிறிதளவு திறந்தாலே தேவைக்கு மேல் பாய்ந்துவிடும்; மயிரிழை திருகினாலும் எஞ்சினின் போக்கு மாறிவிடும். இந்தக் கார்பரேட்டரின் ஊசியோ நீண்ட கூர்மையுடையது. கால் சுற்று திருப்பியும் வேகம் மெதுவாகவே மாறுகிறது. என் மதிப்பீட்டில் விலைக்கு ஈடான அம்சம் இதுதான்.

9×4 ப்ரொப்பெல்லருடன் (விட்டம் 9 அங்குலம், பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், 4 அங்குலம்) முழு வேகம் நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று. காற்றுவழியைத் திறந்து மூடும் த்ராட்டில் உருளையை மூடினால் 3,000-க்குச் சற்றுக் கீழே இறங்கி நிலையாக நிற்கிறது. டீசலில் குளிர்ந்து அணைந்துபோகக் கிளோ பிளக் இல்லை என்பதால் இந்த நிதானம் கிடைப்பது இயல்பே. ஆனாலும், நீண்ட நேரம் மெல்ல ஓடிச் சூடு தணிந்த எஞ்சினைச் சட்டென்று முடுக்கினால் ஓரிரு முறை தடுமாறுகிறது. எஞ்சினுக்குள் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்ப்ரஷன் ஸ்க்ரூவை ஒரு சிறு அளவு இறுக்கி வைத்தபின் அது குறைந்தது.

மெது ஓட்டக் கலவையைச் சரிசெய்ய முன்பக்கத்தில் ஒரு காற்றுத் துளையும் அதை மறைக்கும் ஸ்க்ரூவும் உள்ளன. மெல்ல ஓடும்போது எரிபொருள் குழாயை விரலால் நெரித்துப் பார்க்க வேண்டும்: வேகம் கூடிப் பிறகு நின்றால் கலவையில் எரிபொருள் மிகுதி, துளையைத் திறக்கலாம், கூடாமல் உடனே நின்றால் எரிபொருள் குறைவு, துளையை மறைக்கலாம். இந்த ஸ்க்ரூவுக்கு ஸ்பிரிங் வைக்காதது பட்டறையின் குறை. அதிர்வில் அது தானாகத் திரும்பிவிடுகிறது. எரிபொருள் குழாயிலிருந்து நறுக்கிய சிறு வளையத்தை அதன் தலைக்கடியில் செருகியே நிறுத்தினேன்.

கார்பரேட்டரின் கழுத்து எஞ்சினில் அமரும் இடத்தையும் கவனிக்க வேண்டும். அங்கே காற்றுக் கசிந்தால் எவ்வளவு திருகியும் மெது ஓட்டம் நிலைக்காது. எஞ்சின் ஓடும்போது அந்த இடுக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால், அது உள்ளே உறிஞ்சப்படுவதோ குமிழியிடுவதோ கசிவைக் காட்டிக்கொடுக்கும். உடன் வந்த ரப்பர் வளையம் எனக்கு நன்றாகவே பொருந்தியது. ஆனால் பெட்டியில் வைத்திருந்த சிலிக்கோன் எரிபொருள் குழாயைப் பயன்படுத்த வேண்டாம். மண்ணெண்ணெயில் அது ஊறி உப்பி, முனையிலிருந்து நழுவிவிடும். நியோப்ரீன் குழாயைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.